சிறையா, நன்னடத்தைப் பிணையா: தீர்ப்பு நாளுக்கு முன் செய்ய வேண்டியவை

குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தீர்ப்பு நாள். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று சொன்ன பிறகு நீதிபதி கூண்டில் நிற்கும் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்த்து, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார். பெரும்பாலானவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, குறைச்சுப் போடுங்க" என்பார்கள். "குடும்பஸ்தர், கருணை காட்ட வேண்டும்" என்று வக்கீல் ஒரு வரி சேர்ப்பார். நீதிபதி அதைக் குறித்துக்கொள்வார். சில நிமிடங்களில் அந்தக் கட்டம் முடிந்து, அடுத்த வழக்கைக் கூப்பிடுவார்கள்.

ஒருவர் சிறைக்குப் போகிறாரா, வீட்டுக்குத் திரும்புகிறாரா என்பது முடிவாகும் கட்டம் அது. அதற்கு யாரும் எதையும் தயார் செய்து வருவதில்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய மாதக்கணக்கில் உழைப்பவர்கள்கூட, தண்டனை குறித்த விசாரணைக்கு ஒரு தாளும் எடுத்து வருவதில்லை. இந்த அத்தியாயம் அந்தத் தாள்களைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். நன்னடத்தைப் பிணை நீதிபதியின் இரக்கத்தை மட்டும் நம்பியிருக்கும் சலுகை அல்ல. சென்னை மாகாணத்தில் 1936ஆம் ஆண்டிலேயே அதற்கென்று சட்டம் இருந்தது. இன்று நாடு முழுவதற்கும் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958 இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 402ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நன்னடத்தையில் விடக்கூடிய ஒருவரை அப்படி விடாவிட்டால், அதற்கான சிறப்புக் காரணங்களை நீதிபதி தீர்ப்பிலேயே எழுத வேண்டும் என்கிறது அது. ஆகவே உங்கள் தரப்பில் செய்யவேண்டியது இதுதான்: சட்டம் பார்க்கச் சொல்லும் விவரங்களை, சட்டம் கேட்கும் வடிவத்தில், உரிய நேரத்தில் நீதிபதியின் மேசைக்குக் கொண்டுபோவது.

சட்டம் தரும் வழிகள்

வழக்கு நடக்கும்போது எடுக்கும் ஜாமீன் வேறு, நன்னடத்தைப் பிணை வேறு. இது குற்றம் நிரூபணமான பிறகு வருவது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு மூன்று பிரிவுகள் முக்கியம்.

3ஆம் பிரிவு கண்டித்து விடுவிப்பது. திருட்டு, வீட்டுக்குள் திருட்டு, வேலை செய்த இடத்தில் திருட்டு, மோசடி ஆகிய குற்றங்களுக்கும், இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாத எந்தக் குற்றத்துக்கும் இது பொருந்தும். முன்பு தண்டனை பெற்றிருக்கக் கூடாது. நீதிபதி எச்சரித்து அனுப்பிவிடுவார், பிணைப் பத்திரம்கூடத் தேவையில்லை.

4ஆம் பிரிவுதான் பெரும்பாலும் பயன்படுவது. தண்டனையை உடனே விதிக்காமல், அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிப்பார்கள். அந்தக் காலத்தில் அமைதியாக, ஒழுங்காக நடக்க வேண்டும். கூப்பிட்டால் வந்து தண்டனையை ஏற்க வேண்டும். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலும் வைக்கலாம். அப்படி வைத்தால் மேற்பார்வைக் காலம் ஓராண்டுக்குக் குறையக் கூடாது.

6ஆம் பிரிவு 21 வயது நிரம்பாதவர்களுக்கானது. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

இவற்றோடு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 401ஆம் பிரிவும் இருக்கிறது. 21 வயது நிரம்பியவர்களுக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களிலும், 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் எல்லா வயதுப் பெண்களுக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ இல்லாத குற்றங்களிலும் அது நன்னடத்தைப் பிணைக்கு இடம் தருகிறது. முன் தண்டனை இருக்கக் கூடாது. ஆனால் 1958ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கும் இடங்களில் அதுவே முன்னிற்கும். மனுவில் அதையே முதலில் எழுதச் சொல்லுங்கள்.

முதல் வாசல்: எந்தப் பிரிவில் தண்டிக்கிறார்கள்?

மற்ற எல்லாவற்றையும்விட முதலில் பார்க்க வேண்டியது நிரூபணமான குற்றத்தின் பிரிவு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றத்துக்கு 4ஆம் பிரிவு பொருந்தாது. 'ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டு வரை சிறை' என்று பிரிவில் எழுதியிருந்தாலே போதும், வாசல் அடைபட்டுவிடும்.

ஊர் அடிதடி வழக்குகளில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வரப்புத் தகராறில் ஒருவரைக் கையால் அடித்துக் காயப்படுத்தினால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2), ஓராண்டு வரை சிறை. எலும்பு முறிந்தால் கொடுங்காயம், 117(2), ஏழாண்டு வரை. இரண்டிலும் நன்னடத்தைப் பிணை கேட்கலாம். அதே எலும்பு முறிவு அரிவாள் வெட்டால் ஏற்பட்டதென்றால் 118(2). அதற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம் என்பதால் கதவு மூடிவிடும். காயச் சான்றில் மருத்துவர் என்ன எழுதியிருக்கிறார், கைப்பற்றிய ஆயுதம் எது, அந்த ஆயுதத்தால்தான் அந்தக் காயம் என்பது நிரூபணமானதா ஆகிய கேள்விகளில் தண்டனையின் தலைவிதியே அடங்கியிருக்கிறது. ஆகவே நன்னடத்தைக்கான வேலை தீர்ப்பு நாளில் தொடங்குவதில்லை. மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்யும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

சில சட்டங்கள் நன்னடத்தைப் பிணையை வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் 26, 27ஆம் பிரிவுக் குற்றங்களையும் தவிர மற்றவர்களுக்கு இதை மறுக்கிறது. போதைக்கு அடிமையாகி, சிறிய அளவோடு பிடிபட்டவரைச் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆம் பிரிவில் தனி வழி இருக்கிறது, அதைக் கேட்க மறக்காதீர்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முற்றிலும் மறுக்கிறது. லஞ்ச வழக்குகளிலும் கிடைக்காது.

குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்பட்டிருக்கும் பிரிவுகளில் கேட்கவே முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் லக்வீர் சிங் வழக்கில் 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஏழாண்டுக்குக் குறையாத சிறை என்று சொல்லும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 397ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்ட இளைஞர்களுக்கும் 4ஆம் பிரிவின் பயனைத் தந்தது. பாதித் தண்டனையை அவர்கள் ஏற்கெனவே அனுபவித்திருந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பொதுவான தண்டனைச் சட்டத்தில் 'குறையாத' என்ற சொல் இருப்பதால் மட்டும் மனு போடாமல் இருக்காதீர்கள்.

மிகச் சிறிய திருட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2)ஆம் பிரிவின்படி, முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவர் திருடிய பொருள் 5,000 ரூபாய்க்கும் குறைவான மதிப்புடையதாக இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். பொருளின் மதிப்பு குற்றப்பத்திரிகையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று சரிபாருங்கள்.

வயது

21 வயது நிரம்பாதவர் குற்றவாளி என்று முடிவானால், 6ஆம் பிரிவு அவரைச் சிறைக்கு அனுப்பத் தடை போடுகிறது. 3 அல்லது 4ஆம் பிரிவின் கீழ் விடுவது உசிதமில்லை என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால் மட்டுமே சிறை. அப்படி முடிவெடுக்கும் முன் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்டாக வேண்டும், காரணத்தையும் எழுத வேண்டும். ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

எந்த நாளில் 21 நிரம்பாமல் இருக்க வேண்டும்? குற்றம் நடந்த நாளை இதற்குக் கணக்கில் எடுப்பதில்லை. விசாரணை நீதிமன்றம் தண்டனை பற்றி முடிவெடுக்கும் நாள்தான் கணக்கு என்று ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 19 வயதில் நடந்த சம்பவம், மூன்று ஆண்டு வாய்தாவில் ஓடினால், 6ஆம் பிரிவின் பாதுகாப்பு போய்விடும். 20 வயதுப் பையனின் வழக்கில் தேவையில்லாமல் வாய்தா வாங்குவது அவனுக்கே கேடு. வயது தாண்டிவிட்டாலும் 4ஆம் பிரிவு இருக்கிறது. சம்பவம் நடந்தபோது இருந்த இளவயதையும் நீதிபதி எடைபோடலாம். பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், டி.சி. இவற்றில் ஒன்றையாவது நகல் எடுத்துத் தாக்கல் செய்யுங்கள். சம்பவ நாளில் 18 வயதே நிரம்பவில்லை என்றால், வழக்கு இந்த நீதிமன்றத்துக்கே உரியதல்ல, இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டியது.

முன் தண்டனை

முன்பு தண்டிக்கப்பட்டவருக்கு 3ஆம் பிரிவும் 401ஆம் பிரிவும் கிடைக்காது. 4ஆம் பிரிவில் அந்தத் தடை எழுதப்படவில்லை. ஆனால் ஒருவருடைய நடத்தையை எடைபோடும்போது பழைய தண்டனையை எந்த நீதிபதியும் பார்க்காமல் இருக்கமாட்டார்.

நிலுவையில் இருக்கும் வழக்கும், விடுதலையான வழக்கும் முன் தண்டனை ஆகாது. போலீஸ் தரப்பில் 'இவர் மேல் ஏழு கேஸ் இருக்கிறது' என்று சொன்னால், ஒவ்வொன்றின் தற்போதைய நிலையையும் வழக்கு எண்ணோடு எழுதித் தாருங்கள். விடுதலையான தீர்ப்புகளின் நகலை இணையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சின்ன வழக்குதானே என்று, நாள் கூலியை இழக்க விரும்பாமல், 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லி அபராதம் கட்டிவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். அதுவும் தண்டனைதான். அடுத்த வழக்கில் அது முன் தண்டனையாக எழுந்து நிற்கும். ஒப்புக்கொள்வதாக இருந்தால், அந்த நாளிலேயே 3ஆம் பிரிவின் கீழ் கண்டித்து விடுவிக்கும்படி கேளுங்கள்.

குற்றத்தின் தன்மை

பிரிவு அனுமதித்தாலும், எப்படி நடந்தது என்பதை நீதிமன்றம் பார்க்கும். வாய்த் தகராறு முற்றி நடந்ததா, திட்டமிட்டு நடந்ததா? ஆயுதம் கொண்டுபோனாரா? பாதிக்கப்பட்டவர் குழந்தையா, முதியவரா, தன்னை நம்பி வேலை கொடுத்தவரா? கூட்டத்தில் இவர் முன்னின்றாரா, பின்னால் நின்றாரா? பல எதிரிகள் உள்ள வழக்கில் ஒவ்வொருவரின் பங்கும் தனி. தீர்ப்பிலேயே 'மூன்றாம் எதிரி சம்பவ இடத்தில் இருந்தார், தாக்கவில்லை' என்று வந்திருந்தால், அவருக்காகத் தனியாக மனு போட வேண்டும்.

பொதுமக்களின் உயிரோடு விளையாடும் குற்றங்களில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாக இருந்திருக்கிறது. உணவுக் கலப்படம் அவற்றில் ஒன்று. இன்னொன்று சாலை மரணம். கவனக்குறைவாக வண்டி ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தியவர்களுக்கு நன்னடத்தைச் சட்டத்தின் பயனைத் தரக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு தல்பீர் சிங் வழக்கில் அது சொன்னது. லாரி, பஸ் ஓட்டுநர்களின் குடும்பங்களுக்கு இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தண்டனைக் குறைப்புக்கு என்ன சொல்ல முடியும் என்பதில் கவனம் செலுத்துவது நல்லது.

இருப்பிடம், வேலை, ஜாமீன்தாரர்

ஏழைகளைச் சிறைக்குத் தள்ளுவதில் 4ஆம் பிரிவின் நிபந்தனைக்கும் பங்குண்டு. குற்றவாளிக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடமோ முறையான தொழிலோ இருக்கிறது என்று நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும். வாடகைக்கு இருப்பவர், புறம்போக்கில் குடிசை போட்டவர், பாலத்துக்கு அடியில் படுப்பவர், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் எல்லாம் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

ஆனால் அந்த வரியை நிதானமாகப் படியுங்கள். குற்றவாளிக்கு இருப்பிடம், குற்றவாளிக்குத் தொழில், ஜாமீன்தாரருக்கு இருப்பிடம், ஜாமீன்தாரருக்குத் தொழில் ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் போதும். சொந்த வீடும் பட்டாவும் வேண்டும் என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. அந்த இடம் நீதிமன்ற எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. பிணைக் காலத்தில் அவர் வாழப்போகும் ஊராகவும் இருக்கலாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒடிசா இளைஞர் ஊருக்குத் திரும்பி அப்பாவோடு விவசாயம் பார்க்கப்போகிறார் என்றால், அந்தக் கிராமத்து முகவரியைக் காட்டலாம். ஜாமீன்தாரர் இல்லாமலே பத்திரம் எழுதி வாங்கவும் சட்டம் இடம் தருகிறது.

ஓர் உதாரணம். கட்டடம் கட்டும் இடத்தில் 12,000 ரூபாய் மதிப்புள்ள செம்புக் கம்பி திருடிய வழக்கில் 23 வயதுள்ள இருவர் குற்றவாளிகள் என்று முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் முன் தண்டனை இல்லை. முதலாமவர் சார்பில் குடும்ப அட்டை நகல், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, இப்போது வேலை பார்க்கும் மேஸ்திரியின் கடிதம், ஜாமீன் தர முன்வந்த சித்தப்பாவின் ஆதார், கம்பியின் மதிப்பை உரிமையாளருக்குக் கட்டிய ரசீது எல்லாம் தாக்கலாகின்றன. இரண்டாமவருக்கும் வாரிய அட்டை இருக்கிறது, வேலை இருக்கிறது, அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறார். ஆனால் கோப்பில் ஒன்றும் இல்லை. நீதிபதி கோப்பில் இருப்பதைத்தான் பார்க்க முடியும். இருவரின் வாழ்க்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் தீர்ப்பு வேறாகப் போகக்கூடும்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும்போது

தமிழ்நாட்டில் நன்னடத்தை அலுவலர்கள் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையைச் சேர்ந்தவர்கள். நீதிமன்றம் கேட்டால், எதிரியின் குடும்பம், படிப்பு, வேலை, பழக்கவழக்கம், அக்கம்பக்கத்தாரின் கருத்து எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை தருவார்கள். 6ஆம் பிரிவில் இந்த அறிக்கை கட்டாயம். 4ஆம் பிரிவில், அறிக்கை இருந்தால் நீதிமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதனால் 21 வயதைத் தாண்டியவர்களுக்கு அறிக்கை தானாக வராது. அறிக்கை வரவழைக்கும்படி வக்கீல் மனு போட வேண்டும், அதுவரை தண்டனை குறித்த விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்க வேண்டும்.

வீட்டு விசாரணை பெரும்பாலும் ஒரே தடவைதான். அலுவலர் திண்ணையில் உட்கார்ந்து, "பையன் எங்கம்மா வேலைக்குப் போறான்?" என்று கேட்கிறார். பயந்துபோன அம்மா, "அவன் தங்கக் கம்பி சார், ஒரு தப்பும் பண்ணமாட்டான், போலீஸ்தான் வேணும்னே புடிச்சிட்டாங்க" என்று அழுகிறார். அம்மாவின் வேதனை புரிகிறது. ஆனால் அலுவலர் எழுதிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. வேலை எங்கே என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை. இதே அம்மா இப்படிச் சொன்னால்: "அப்பா இறந்த பிறகு எட்டாவதோட நின்னுட்டான் சார். சனிக்கிழமை சம்பளம் வாங்கினா குடிப்பான். இப்ப ஆறு மாசமா எங்க அண்ணன் லேத் பட்டறையில இருக்கான், காலையில அவர்தான் வந்து கூட்டிட்டுப் போறார்." இந்தப் பதிலில் வேலை இருக்கிறது, கண்காணிக்க ஒரு பெரியவர் இருக்கிறார், குறையை மறைக்காத நேர்மையும் இருக்கிறது. அலுவலர் தேடி வந்ததே இவற்றைத்தான்.

அலுவலர் வரும்போது மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். மேல்முறையீடு செய்யும் எண்ணம் இருந்தால் சம்பவத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள். பக்கத்து வீட்டாரிடம் விசாரிப்பார்கள் என்பதால் பொய் சொல்லாதீர்கள். இனிமேல் யார் பொறுப்பு, எங்கே வேலை, குடிப்பழக்கம் இருந்தால் எங்கே சிகிச்சை என்பதை முன்கூட்டியே முடிவு செய்து சொல்லுங்கள். அறிக்கை ரகசியமானது. ஆனாலும் அதன் சாரத்தை எதிரிக்குச் சொல்லி, மறுப்பதற்கு வாய்ப்புத் தர 7ஆம் பிரிவு இடம் தருகிறது. பாதகமான அறிக்கை என்று தெரிந்தால் இதைக் கேளுங்கள்.

பாதிக்கப்பட்டவருக்கு என்ன செய்தீர்கள்?

பாதிக்கப்பட்டவருக்கு நியாயமான இழப்பீடும் வழக்குச் செலவும் தரும்படி உத்தரவிட 5ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவு வரும்வரை காத்திருக்காமல், கட்டத் தயார் என்று மனுவிலேயே தொகையைக் குறிப்பிடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீதோ வங்கிப் பதிவோ வேண்டும். சிறைக்குப் போனவர் சம்பாதிக்க முடியாது, காயம்பட்டவரின் மருத்துவச் செலவுக்கு ஒரு வழியும் பிறக்காது. நன்னடத்தைப் பிணையால் பாதிக்கப்பட்டவருக்கும் பயன் உண்டு என்பதை நீதிபதிக்குக் காட்டும் இடம் இது.

பணத்தோடு போய்ப் பாதிக்கப்பட்டவரை நிர்ப்பந்தப்படுத்தாதீர்கள். வீட்டு வாசலில் ஆள் சேர்த்துக்கொண்டு நின்று கையெழுத்து கேட்பது மிரட்டல் என்று இன்னொரு வழக்காக வந்து நிற்கும். சமரசப் பேச்சு வக்கீல் மூலமோ மக்கள் நீதிமன்றம் மூலமோ நடக்கட்டும்.

வழக்கு நடந்த காலத்து நடத்தை

ஜாமீனில் இருந்த காலமே ஒரு பரீட்சைதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தாரா? பிடிவாரண்ட் பிறப்பிக்கப்பட்டதா? புதிதாக வழக்கு ஏதாவது உண்டா? பல ஆண்டுகள் இழுத்த வழக்கில், இடைப்பட்ட காலத்தில் திருமணம், குழந்தைகள், நிலையான வேலை என்று ஒருவர் மாறியிருந்தால், அதைத் தேதியோடு எழுதுங்கள். நீதிமன்றப் பதிவுகளிலிருந்து ஆஜரான விவரத்தை எடுத்துச் சொல்லும்படி வக்கீலிடம் கேளுங்கள்.

தீர்ப்புக்கு முன் சேர்க்க வேண்டிய கோப்பு

- வயதுச் சான்று
- இருப்பிடச் சான்று: குடும்ப அட்டை, ஆதார், வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது ஆகியவற்றில் கிடைப்பது
- வேலைச் சான்று: முதலாளியின் கடிதம், நல வாரிய அட்டை, நூறு நாள் வேலை அட்டை, படிப்பவர் என்றால் கல்லூரியின் சான்று
- ஜாமீன்தாரரின் அடையாள, தொழில் ஆவணங்கள்
- குடும்பத்தில் இவரை நம்பியிருப்பவர்களின் விவரம், நோய் இருந்தால் அரசு மருத்துவமனைச் சீட்டு
- இழப்பீடு கொடுத்த ரசீது அல்லது கொடுக்கத் தயார் என்ற உறுதி
- பழைய வழக்குகளின் நிலை, விடுதலைத் தீர்ப்பு நகல்கள்
- 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3, 4 அல்லது 6ஆம் பிரிவைக் குறிப்பிடும் எழுத்து மனு, அறிக்கை வரவழைக்கக் கோரும் மனு

எழுத்து மனு அவசியம். வாயால் கேட்டது தீர்ப்பில் பதிவாகாமல் போகலாம். மனு இருந்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், மேல்முறையீட்டிலும் அது பேசும். தண்டனைக்குத் தேவையான விவரங்களைத் தேடித் திரட்டுவது நீதிமன்றத்தின் கடமை, வழக்கறிஞர்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்று 1981ஆம் ஆண்டு வேத் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100.

மறுத்துவிட்டால்

தீர்ப்பு நகலை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, நன்னடத்தையை ஏன் தரவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறதா என்பதை. காரணம் இல்லை என்றால் அதுவே மேல்முறையீட்டுக்கு வலுவான வாதம். நடுவர் நீதிமன்றத் தீர்ப்பின் மீது செஷன்ஸ் நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஜாமீனில் இருந்தவருக்கு மூன்று ஆண்டுக்கு மேற்படாத சிறை என்றால், மேல்முறையீடு செய்ய வசதியாக, தண்டித்த நீதிமன்றமே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 430ஆம் பிரிவின் கீழ் ஜாமீன் தரலாம். அன்றைக்கே கேளுங்கள். மேல்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் நன்னடத்தையில் விட 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 1964ஆம் ஆண்டு ரத்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. கீழே கேட்கத் தவறியிருந்தாலும் மேலே கேட்கலாம்.

கிடைத்த பிறகு

பத்திரத்தில் உள்ள நிபந்தனைகளை வீட்டில் எல்லோரும் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். முகவரி மாறினால் அலுவலரிடம் சொல்லாமல் மாறாதீர்கள். நிபந்தனையை மீறினால் 9ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அழைத்து, பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். முதல் மீறல் என்றால் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விடவும் இடமுண்டு, ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். அலுவலரின் வேலை கண்காணிப்பதோடு முடிவதில்லை. வேலை தேடித்தர முயல்வதும், இழப்பீட்டைக் கட்ட உதவுவதும் சட்டப்படி அவருடைய கடமைகள். தயங்காமல் கேளுங்கள்.

அரசு வேலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது 12ஆம் பிரிவு. தண்டிக்கப்பட்டதால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு, நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு வராது. ஆனால் குற்றம் நிரூபணமானது அழிந்துவிடுவதில்லை. தெற்கு ரயில்வே ஊழியர் செல்லப்பன் வழக்கில், கண்டித்து விடுவிக்கப்பட்டவர் மீதும் துறை நடவடிக்கை எடுக்க நிர்வாகத்துக்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. துறை விசாரணைக்குத் தனியாகத் தயாராகுங்கள்.

குறுகிய காலச் சிறைத் தண்டனை யாரையும் திருத்துவதில்லை. வேலையைப் பறிக்கிறது, பிள்ளைகளின் படிப்பைக் குலைக்கிறது, முதல் முறை தவறு செய்தவரைப் பழகிய குற்றவாளிகளோடு சேர்த்துவிடுகிறது. இதைத் தடுக்கத்தான் சட்டம் இத்தனை வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது வழக்கு நடந்துகொண்டிருந்தால், தீர்ப்புக்கு நாள் குறிக்கும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த வாய்தாவிலேயே வக்கீலிடம் கேளுங்கள்: "நன்னடத்தைக்கு மனு எப்போது போடப்போகிறோம், அதற்கு நான் என்னென்ன கொண்டுவர வேண்டும்?"